மோட்டார் கொட்டகைக்கு வேண்டிய திருப்புளிகள்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்; சுழி பார்ப்பார்; நாலடி நடக்கவிட்டும் பார்ப்பார். விதை நெல்லைக் கையிலெடுத்துக் கடித்துப் பாராமல் விலை பேசுகிறவர் அரியர். ஆனால் அதே குடியானவர், தம் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறப்பதற்கு வேண்டிய திருப்புளியை மாத்திரம், சந்தையில் சாக்கு விரித்துக் கொட்டி வைத்திருக்கும் குவியலிலிருந்து, மஞ்சளோ சிவப்போ கண்ணுக்கு இனிதாயிருக்கும் ஒன்றைப் பொறுக்கி எடுத்து வந்துவிடுகிறார். மாடு மோசமானால் பணம் போகும். திருப்புளி மோசமானால் போவது உயிர்.

நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இவ்விஷயம் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. அவ்வூரின் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டதே ஒரு விவசாயக் கிணற்றினால்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலச்சுவான்தாரின் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கறுத்த பொருள் ஒன்று நீருடன் வெளிவந்தது. 1956ஆம் ஆண்டில் நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டது. 1962இல், சோவியத் நாட்டின் உதவியுடன் எழுப்பப்பட்ட அனல் மின்னிலையத்தின் முதல் யந்திரம் ஓடத் தொடங்கியது. ஒன்பது யந்திரங்களுடன் 600 மெகாவாட் அளவுக்கு வளர்ந்த அந்நிலையம், தன் காலம் முடிந்து 2020இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பின் வந்த நிலையங்கள் வேலை செய்து வருகின்றன. கிணற்றிலிருந்து புறப்பட்ட கரி, கம்பி வழியே மறுபடியும் கிணற்றுக்கே வந்து நீர் இறைக்கிறது என்று சொல்லலாம். சுரங்கத்தைக் காப்பதற்காக நிலத்தடி நீர் இடைவிடாது இறைக்கப்படுவதால் தங்கள் கிணறுகளில் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது என்பது அவ்வட்டாரத்து விவசாயிகளின் நெடுநாளைய முறையீடு. அம்முறையீட்டின் நியாயம் வேறு இடத்தில் ஆராயத்தக்கது. ஆழ்குழாய்க் கிணறும் அதற்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டாரும் இல்லாமல் கரும்போ நெல்லோ செய்வது கடினமாகிவிட்டது என்பது இங்கே போதும். 1990இல் விவசாய மின்சாரம் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமாக்கப்பட்டது முதல், மோட்டார் கொட்டகை இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது.

மின்னிலையத்துக்குள் ஒரு பெட்டியைத் திறக்க வேண்டுமானால், தொழிலாளி முதலில் ‘லைன் கிளியர்’ சீட்டுப் பெறவேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதைச் சோதித்து, ஸ்விட்சைப் பூட்டி, எச்சரிக்கை அட்டை தொங்கவிட்ட பின்னரே கை வைக்கலாம் என்பது தொழில்முறை வழக்கம். அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள மோட்டார் கொட்டகையில் நடப்பது என்ன? பயிர் வாடுகிறது; மின்சாரமோ குறிப்பிட்ட மணிநேரந்தான் வருகிறது; மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது; எலக்ட்ரீஷியன் அடுத்த ஊரிலிருந்து வரவேண்டும். ஈரமண்ணில் வெறுங்காலுடன், வியர்த்த கையுடன், வீட்டுப் பையனே பெட்டியைத் திறந்துவிடுகிறான்.

நனைந்த மனித உடலின் மின்தடை ஏறத்தாழ ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அந்நிலையில் 230 வோல்ட் மின்சாரம் பட்டால், ஏறத்தாழ 230 மில்லி ஆம்பியர் உடலில் பாயும். முப்பது மில்லி ஆம்பியருக்கு மேல் சிறிது நேரம் பாய்ந்தாலே இதயத் துடிப்பு நிலைகுலைய இடமுண்டு. மும்முனை இணைப்பில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே 400 வோல்ட்டுக்கு மேலிருக்கும் என்பதையும் நினைத்துக்கொண்டால், கையிலிருக்கும் கருவி எப்படிப்பட்டது என்பது அற்ப விஷயமன்று.

சாதாரணத் திருப்புளியின் பிளாஸ்டிக் பிடி, பிடிப்பதற்காக ஏற்பட்டதேயன்றி மின்சாரத்தைத் தடுப்பதற்காக ஏற்பட்டதன்று. சில வகைகளில் உள்ளேயிருக்கும் இரும்புத்தண்டு பிடியைத் துளைத்துக்கொண்டு அடிப்பாகம் வரை வந்திருக்கும். சுத்தியலால் தட்டுவதற்கு அது செளகரியந்தான். ஸ்டார்ட்டர் பெட்டியில் அதுவே எமன். இன்னும் சிலர் தண்டின்மீது பழைய சைக்கிள் டியூபையோ மோட்டார் ஒயரின் உறையையோ செருகி வைத்துக்கொண்டு, காப்பு செய்துவிட்டதாகத் திருப்தியடைகிறார்கள். டியூபில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கும். உறை வழுக்கி மேலே ஏறிவிடும். பயம் நீங்கிவிடுவதும் அபாயம் நீங்காமலிருப்பதுமே இதன் பலன்.

உண்மையான மின்காப்புத் திருப்புளியில் பிடி மாத்திரமன்றித் தண்டும், நுனியில் ஏறக்குறைய ஒரு விரற்கடை நீங்கலாக, முழுவதும் உறையிடப்பட்டிருக்கும். அவ்வுறை தண்டோடு ஒன்றிப் பிடித்திருக்க வேண்டும். விரலால் திருகினால் அசையலாகாது. தண்டுக்கு ஏன் உறை என்று கேட்பாருண்டு. ஸ்டார்ட்டரில் மூன்று முனைகளும் நெருக்கமாக அமைந்திருக்கின்றன, பெட்டியோ இரும்பு. ஒரு முனையில் திருகும்போது வெறுந்தண்டு பக்கத்து முனையிலோ பெட்டியின் விளிம்பிலோ பட்டுவிட்டால், கணப்பொழுதில் பெரும் பொறி எழும். உருகிய உலோகம் முகத்திலும் கண்ணிலும் தெறிக்கும். கையில் ‘ஷாக்’ அடிக்காமலே கண்ணைப் பறிகொடுக்க இது போதும். உறையிட்ட தண்டு இந்த அபாயத்தையும் பெரும்பாலும் தடுக்கிறது. ஆகவே பிடி எவ்வளவு பருமனாயிருப்பினும், தண்டு வெறுமையாயிருந்தால் அத்திருப்புளி இவ்வேலைக்கு ஆகாது.

வாங்குகையில் பிடியின்மீது பொறித்திருக்கும் அடையாளங்களை வாசிக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரட்டை முக்கோணக் குறியும், 1000 வோல்ட் என்ற அளவும், செய்தவர் பெயரும், செய்த வருஷமும், ஐ.இ.சி. 60900 என்னும் சர்வதேசத் தர எண்ணும் காணப்படுதல் வேண்டும். ஜெர்மானிய மின்பொறியியல் சங்கத்தாரின் வி.டி.இ. முத்திரை இருப்பின் இன்னும் நன்று. இத்தரப்படி செய்யப்படும் கருவிகள் 10,000 வோல்ட் மின்னழுத்தத்தில் சோதிக்கப்பட்ட பின்னரே விற்பனைக்கு வருகின்றன. பத்து மடங்கு சோதித்துவிட்டு ஒரு மடங்குக்கு மாத்திரம் உத்தரவாதம் தருகிறார்கள். வெறுமனே ‘1000 வோல்ட்’ என்று மை அச்சுப் போட்டிருப்பது அத்தாட்சியாகாது. மை அச்சிடுவதற்குச் சோதனைச்சாலை வேண்டியதில்லையே. சில கம்பெனியார் உறையை இரண்டு நிறத்தில், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக அமைக்கின்றனர். மேல்நிறம் தேய்ந்து அல்லது வெட்டுப்பட்டு உள்நிறம் தெரியுமானால் அக்கருவியை அன்றே தள்ளிவிடலாம். எழுத்தறியாத ஆளுங்கூடப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளக் கூடியதாகையால், மோட்டார் கொட்டகைக்கு இவ்வகையே உத்தமம்.

அடுத்தது அளவு. இதில் செய்யப்படும் பிழை, உயிருக்கு உடனே ஆபத்து விளைவிக்காவிட்டாலும், மோட்டாரை எரித்துவிடும். திருகாணியின் பள்ளத்துக்குச் சிறிய நுனியுள்ள திருப்புளியை வைத்துத் திருகினால், நுனி வழுக்கித் தலையைச் சிதைக்கும். திருகாணி முழுதும் இறுகாது. இறுகாத முனையில் மின்சாரம் பாயும்பொழுது சூடு பிறக்கும். சூட்டினால் கம்பி விரியும், ஆறும்பொழுது சுருங்கும், இவ்வாறு நாள்தோறும் விரிந்து சுருங்கி முனை இன்னும் தளரும். அலுமினியக் கம்பியானால் இத்தளர்ச்சி விரைவில் நேரும். கடைசியில் அம்முனை கருகி, மூன்றில் ஒரு முனை அறுந்துபோக, மற்ற இரண்டு முனைகளில் மோட்டார் திணறிச் சுற்றுச்சுருள் எரிந்துபோகும். நீர்மூழ்கி மோட்டாரைக் குழாயோடு வெளியே தூக்கி, சுருள் சுற்றி, மறுபடி இறக்குவதற்குள் செலவு பல ஆயிரம். தண்ணீரின்றிக் கிடக்கும் நாட்களின் நஷ்டம் தனி. தட்டை நுனியில் 2.5, 4, 5.5 மில்லிமீட்டர் அகலமுள்ளவை மூன்றும், நட்சத்திர நுனியில் முதலாம் எண், இரண்டாம் எண் ஆகிய இரண்டும் இருந்தால் சாதாரண ஸ்டார்ட்டர் வேலைக்குப் போதும். பெரிய மெயின் ஸ்விட்சு இருக்குமிடத்தில் 6.5 மில்லிமீட்டர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பத்து, பன்னிரண்டு என்று பெட்டி நிறையத் தரும் மலிவுத் தொகுதிகளைவிட, நல்ல உருக்கினால் ஆன இந்த ஐந்தே மேல்.

‘டெஸ்டர்’ எனப்படும் நியான் விளக்குக் கருவியைத் திருப்புளியாக உபயோகிப்பது ஒரு பொதுவான துர்வழக்கம். அதன் உள்ளே மின்தடையும் சிறு விளக்கும் இருக்கின்றன, முறுக்கினால் பழுதாகும். பழுதான டெஸ்டர் ஒளிவிடாது. ஒளியில்லை என்று நம்பித் தொடுகிறவன் கதி என்னவாகும்? நல்ல டெஸ்டருங்கூட உச்சி வெயிலில் ஒளிர்வது கண்ணுக்குத் தெரியாது. உலர்ந்த பலகைமேல் நிற்பவருக்கு மங்கலாகவே எரியும். மின்சாரம் இருப்பதாக நிச்சயமாய்த் தெரிந்த ஓரிடத்தில் முதலில் வைத்துப் பார்த்து, பின் வேண்டிய இடத்தில் பார்த்து, மறுபடியும் முதலிடத்தில் பார்ப்பதே முறை.

நல்ல திருப்புளியைக் கையில் கொடுத்தால் குடியானவர் துணிந்து ஓடும் மின்சாரத்திலேயே கை வைப்பார், ஆகவே அதைப் பரவச் செய்வது தகாது என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். இவ்வாட்சேபம் முற்றிலும் தள்ளத்தக்கதன்று. ஆயினும் கிராமத்தில் பெட்டி எப்படியும் திறக்கப்படுகிறது என்பதை மறந்து பேசுவது அது. மெயின் ஸ்விட்சை நிறுத்தி, மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்ட பின்னரே பெட்டியைத் திறக்கவேண்டும் என்பதே முதல் விதி. திருப்புளியின் உறை அவ்விதி தவறும் வேளைக்கான இரண்டாவது காவல். மின்சாரம் நின்றிருக்கிறதே என்று ஸ்விட்சை நிறுத்தாமல் கை வைப்பவர்களையே பேராபத்து சூழ்கிறது. ‘ஆட்டோ’ ஸ்டார்ட்டர் பொருத்திய கொட்டகையில், கம்பியில் மின்சாரம் திரும்பியவுடன் ஒருவரும் தொடாமலே மோட்டார் தானே புறப்பட்டுவிடும்.

உறையிட்ட திருப்புளியும் காப்பாற்றாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, கண்டென்சர். மும்முனை மின்சாரம் இல்லாத வேளையில் இருமுனையில் மோட்டாரை ஓட்டுவதற்காகச் சிலர் கண்டென்சர் இணைத்துக்கொள்கிறார்கள். மெயினை நிறுத்திய பின்னும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும். அதைத் திருப்புளியால் குறுக்கே தொட்டு ‘வெடிக்க’ விடுவது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. தொடராக இணைத்த இரண்டு பழைய குண்டு பல்புகளை அதன் முனைகளில் சிறிது நேரம் வைத்தால் மின்சாரம் அடங்கும். மற்றொன்று டிரான்ஸ்பார்மர். அங்கே மேற்கம்பியில் 11,000 வோல்ட்டும் சில இடங்களில் 22,000 வோல்ட்டும் இருக்கும். 1000 வோல்ட்டுக்குச் செய்த கருவி அவ்விடத்தில் துரும்புக்குச் சமம். பியூஸ் போடுவதற்காக டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஏறுவது மின்வாரிய ஆட்களின் வேலை. ஊரில் ‘கைதேர்ந்தவன்’ என்று பெயரெடுத்த இளைஞனை ஏற்றிவிடும் பெரியவர்கள், அவன் தாயாருக்கு என்ன பதில் சொல்வார்கள் என்பதை யோசிக்கட்டும்.

மின்சார வேலை செய்வோருக்குத் தகுந்த காப்புக் கருவிகள் தரப்படவேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளில் கண்டுள்ளது. 2010ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2023இல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. சம்பளத்துக்கு மோட்டார் ஆள் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள், அந்த ஆளுக்குச் சாவியைக் கொடுப்பதுபோலவே திருப்புளிகளையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் ஆவார்கள். முத்திரையிட்ட ஐந்து திருப்புளிகளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேலும் ஆகலாம். சந்தைத் திருப்புளி நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சிறு விவசாயிக்கு இவ்வித்தியாசம் பெரிதே. ஆகையால் தொடக்கக் கூட்டுறவு வேளாண்மைச் சங்கங்கள், உரமும் விதையும் இருப்பு வைப்பதுபோல் இவற்றையும் மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குத் தரலாம். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் சங்க நிர்வாகிகளிடம் இதை எடுத்துச் சொல்லுதல் நலம். போலிச் சரக்கு ஊருக்குள் நுழையாமலிருக்கவும் இதுவே வழி.

வாங்கிய பின் இவற்றை உளியாகவோ நெம்புகோலாகவோ உபயோகிக்கலாகாது. டீசல், கிரீஸ் படிந்தால் உடனே துடைத்துவிட வேண்டும். கொட்டகைக் கூரையில் செருகி வைத்தால் வெயிலால் உறை வெடிக்கும், எலியும் கடிக்கும். மூடியுள்ள தகரப் பெட்டியில் வீட்டில் வைத்து, வேலைக்குச் செல்லும்போது எடுத்துச் செல்வதும், ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறப்பதற்கு முன் உறையில் கீறலோ வெடிப்போ உண்டாவென்று பகல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதும் போதுமானது.