போர்வைக்குள் இருவர்

1969 ஆகஸ்டில் நடந்த வுட்ஸ்டாக் விழாவின் இசைத்தட்டு உறையை நானும் துணைவியும் பார்த்துக்கொண்டிருந்தோம். கூடாரமடித்து, மழையில் நனைந்து வார இறுதியைக் கழித்த கூட்டம். முன்னால் ஒரே போர்வைக்குள் வெள்ளைக்கார ஜோடி. அழகுதான், மறுக்கலே. ஆனா விழாவைப் பாடித் தொடங்கிவச்சது ரிச்சி ஹேவன்ஸ், முடிச்சுவச்சது ஹென்ட்ரிக்ஸ். ரெண்டு பேரும் கறுப்பர்கள். ராக் இசைக்கே வேர் கறுப்பரின் ப்ளூஸ்.

அதே கோடையில் நியூயார்க் ஹார்லெமில் லட்சக்கணக்கான கறுப்பர் கூடிய இசைவிழாவும் படமாக்கப்பட்டது. வுட்ஸ்டாக் படம் 1970லேயே திரைக்கு வந்துவிட்டது. ஹார்லெம் படச்சுருள் திரைப்படமாக வெளிவர 2021 ஆனது.

இசை ஒருத்தருடையது, ஞாபகம் இன்னொருத்தருடையதா? தோழர்களே, பாடினா மட்டும் போதாது. படச்சுருளும், அதைக் காட்டுற திரையும் பாடினவங்க கையில் இருக்கணும்.