மச்சில் ஒரு பிளக் பாயின்ட்!

கரண்ட் விஷயத்தில் எங்கள் நாஞ்சில் நாடு ஒன்றும் ஏழை இல்லை. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் முப்பந்தலில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள். மேற்கு மலையில் கோதையாறு நீர்மின் நிலையங்கள், 100 மெகாவாட். இத்தனை இருந்தும் வடசேரியில் எங்கள் வீட்டு மச்சில் ஒரு பிளக் பாயின்ட் கிடையாது! உத்தரத்தில் ஒரு லைட், ஒரு ஃபேன். அவ்வளவுதான்.

பையன் படிப்பதற்காக மச்சுக்குக் குடியேறினான். செல்போன் சார்ஜ் போட வழியில்லை என்று புகார்.

"ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

நான் கேட்பேனா? பி.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ் ஆயிற்றே! (மூன்றாம் வகுப்பு என்பது இங்கே தேவையில்லாத விவரம்.)

மெயினை அணைத்து, ஸ்டூல் மேல் ஏறி, லைட்டின் சீலிங் ரோஸைத் திறந்தேன். உள்ளே இரண்டு ஒயர். அவற்றோடு புது ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, சுவர் வழியாக இறக்கி, மூன்று ஓட்டை பாயின்ட் ஒன்றை மாட்டினேன். மெயினைப் போட்டால்... ஊஹூம்! அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பையன் எதேச்சையாக லைட்டைப் போட்டான். பிளக்கிலும் கரண்ட் வந்துவிட்டது! ஸ்விட்சைத் தாண்டிய ஒயர்தானே உத்தரத்துக்குப் போகிறது? அன்றிலிருந்து ராத்திரி போன் சார்ஜ் ஏற வேண்டுமானால் விடிய விடிய லைட்டும் எரிந்தாக வேண்டும்.

போனோடு நிறுத்தியிருக்கலாம். கீழே இருந்த ஒரே பவர் பாயின்ட்டில் கிரைண்டர் நிரந்தரமாகக் குடியிருந்தது. எனவே அயர்ன் பாக்ஸ் மச்சு ஏறியது. பின்னாலேயே வாளியில் போடும் ஹீட்டரும் ஏறியது. தண்ணீரை மேலே சுமந்து, சூடாக்கி, கீழே சுமந்து குளித்தோம்.

ஒருநாள் காலை இரண்டும் சேர்ந்து ஓடியபோது ஃப்யூஸ் போயிற்று. மாற்றினேன். மறுபடியும் போயிற்று. எத்தனை தடவை மாற்றுவது? நாலைந்து செம்பு இழைகளை முறுக்கிப் போட்டேன். அப்புறம் அது போகவே இல்லை. எப்படி என் கைவண்ணம்!

நாலாம் நாள் காலை, கீழே கட்டிலில் கிடந்த அம்மையின் குரல்: "மக்களே, என்னமோ கருகுத மணம் அடிக்கு..."

"அடுப்பில பாலா இருக்கும்மா" என்றேன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"பாலு இன்னும் வரல்ல மக்களே!"

ஓடினேன். சீலிங் ரோஸ் உருகித் தொங்க, உத்தரம் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. மெயினை அணைத்தேன். கை நடுக்கம் நிற்கவில்லை. மச்சு முழுக்க மரப்பலகை. கீழே, தானாக எழுந்து நடக்க முடியாத 82 வயசு அம்மை.

எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, லைட் லைனுக்கு 10 பாயின்ட், 800 வாட்ஸ். அதுதான் கணக்கு. ஹீட்டர் 1500, அயர்ன் பாக்ஸ் 1000. 230 வோல்ட்டுக்கு 11 ஆம்பியர் பக்கம் இழுத்திருக்கிய. 5 ஆம்பியர் ஃப்யூஸ் போகாம என்ன செய்யும்? ரெண்டு மட்டம் சொல்லிப் பாத்திருக்கு. நீங்க அதுக்க வாயைக் கட்டிட்டிய!"

"ஒயர்தான் பழசு..." என்று இழுத்தேன்.

"ஒயரும் பழசுதான். ஆனா முதல்ல சூடானது உங்க முறுக்கு ஜாயின்ட்டாக்கும். அது கெடக்கட்டும், எர்த் எங்க?"

"மூணு ஓட்டை இருக்கே!"

"ஓட்டை இருக்கு. பின்னால ஒயர் இல்லியே! ஹீட்டர் லீக் ஆகியிருந்தா வாளித் தண்ணியெல்லாம் கரண்டாக்கும். தண்ணி சூடாச்சான்னு கைய விட்டுப் பாக்கது யாரு?"

பையன்தான். தினமும்.

நான் எதுவும் பேசவில்லை.

மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தான். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி., எர்த். கூடவே 30 மில்லியாம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. போனுக்கு மட்டும் ஸ்விட்ச் போர்டிலேயே ஒரு சின்ன பிளக், எர்த்தோடு. "சார்ஜர் என்ன பெரிசா இழுக்கப் போவுது? அது லைட் லைன்ல இருக்கலாம் அண்ணாச்சி. ஆனா உத்தரத்துல இருந்து எறக்கப்படாது."

கறுத்த உத்தரத்துக்குப் பெயின்ட் அடிக்க நான் சம்மதிக்கவில்லை. எனக்கு ஞாபகம் இருக்க வேண்டுமே!

போன வாரம் அடுக்களை டியூப்லைட் மினுக் மினுக்கென்றது. சோக்காகத்தான் இருக்கும், ஒரு நிமிஷ வேலை என்று ஸ்டூலைத் தேடினேன். வீடு முழுக்கத் தேடியும் காணோம்.

கூலியோடு சேர்த்து அந்தத் தம்பியிடமே கொடுத்தனுப்பிவிட்டாளாம்!