சுக்கு இருக்கு, சாக்கு எதுக்கு?

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் சாப்பாட்டில் வந்து நிற்கும். "கடையில விக்கிறதெல்லாம் பாமாயிலும் எசன்ஸும்தான் சார். வீட்டுல செஞ்சு சாப்பிடற மாதிரி வருமா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். அவர் சொல்வதில் பெரிய தவறில்லை. என் கேள்வி ஒன்றுதான். அந்த "வீட்டுல செஞ்சு" என்பதில் செய்கிறவர் யார்? அந்த வாக்கியத்துக்கு எழுவாயே கிடையாது, கவனித்தீர்களா?

"குழந்தைகளுக்குக் கடை பிஸ்கட் வேண்டாம், இஞ்சி போட்டு நீயே செஞ்சு குடு" என்று மனைவியிடமோ மருமகளிடமோ சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வதை நாம் அக்கறை என்று நினைக்கிறோம். அது அக்கறை இல்லை, உத்தரவு.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிட்டது சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். இதுவும் அந்த வேலையில் கை வைத்தவர்களின் சராசரிதான். அப்படிக் கை வைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். மீதி 74 பேர் கணக்கிலேயே வரவில்லை.

தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020-ல் 59 ஆயிற்று, 2021-ல் 60 ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் அரசாணை வந்தது. அடுப்படிக்கு மட்டும் இதுவரை எந்த அரசாணையும் வரவில்லை. நமக்குப் பிரிவு உபசார விழா நடந்த மறுநாள் காலையிலும் வீட்டில் காபி கலந்தது யார்?

இதைச் சொன்னால் உடனே மூன்று சாக்குகள் வரும்.

முதல் சாக்கு, "நமக்கெல்லாம் கைப்பக்குவம் வராதுங்க." ரசத்துக்கு அது பொருந்தலாம். இஞ்சி பிஸ்கட்டுக்குப் பொருந்தாது. இதில் பக்குவம் கையில் இல்லை, தராசிலும் கடிகாரத்திலும் இருக்கிறது. மைதா 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், சுக்குப் பொடி 2 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மற்றதைச் சேர்த்து, மாவு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் பால் விட்டுப் பிசைய வேண்டும். உருட்டித் தட்டினால் சுமார் 25 வரும். முன்பே சூடாக்கிய ஓவனில் 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும். முப்பது வருஷம் லெட்ஜரில் பைசா பிசகாமல் கணக்குப் பார்த்தவர்களுக்கு 200 கிராம் மைதா நிறுக்கத் தெரியாதா?

பச்சை இஞ்சி வேண்டாம், அதிலுள்ள ஈரம் பிஸ்கட்டை நமநமக்க வைத்துவிடும். சுக்கு போதும். இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் ஷோகாலாக மாறுகிறது, அது இன்னும் காரம். சுக்குக் காபி குடித்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது சாக்கு, "அவளே என்னை அடுப்படிக்குள்ள விட மாட்டேங்கிறா." ஏன் விட மாட்டேன் என்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். நாம் ஒரு தோசை ஊற்றினால் மேடை முழுக்க மாவு, தொட்டி நிறையப் பாத்திரம். செய்த பெயர் நமக்கு, துடைக்கிற வேலை அவருக்கு. பிஸ்கட் வெந்து முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. தட்டைக் கழுவிக் கவிழ்த்து, மேடையைத் துடைத்து, தீர்ந்துபோன மைதாவைச் சாமான் லிஸ்டில் எழுதினால்தான் முடிகிறது. எங்கள் வீட்டில் மாதம் இரண்டு முறை நான் பிஸ்கட் போடுகிறேன். அந்தத் தட்டை வேறு யாரும் கழுவ விடுவதில்லை. இதற்கு "ஒத்தாசை" என்று யாராவது பெயர் வைத்தால் எனக்குக் கோபம் வரும். ஒத்தாசை என்றால் வேலை வேறொருவருடையது என்று அர்த்தம். தின்பது எல்லோரும் என்றால் வேலை எப்படி ஒருவருடையதாகும்?

மூன்றாவது சாக்கு, "பத்து ரூபாய்க்குக் கடையில கிடைக்குது, எதுக்கு இந்தச் சிரமம்?" சரி, வாங்கிக்கொள்ளுங்கள், அது பாவமில்லை. முன்பக்க இஞ்சிப் படத்தைப் பார்த்ததோடு நிறுத்தாமல் பின்பக்கச் சேர்மானப் பட்டியலையும் படியுங்கள். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். இஞ்சி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஆனால் வாங்கித் தின்றுவிட்டு, "வீட்டுல செஞ்ச மாதிரி வருமா" என்று அடுத்தவர் காதுபட அலுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் செய்துவிட்டால் அது மருந்தாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. மேலே சொன்ன கணக்கில் ஒரு பிஸ்கட்டுக்கு 4 கிராம் சர்க்கரை, 4 கிராம் வெண்ணெய். சுக்கு போட்டதால் சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். இது தின்பண்டம், அவ்வளவுதான். ஆசைக்கு ஒன்றிரண்டு தின்னலாம்.

வீட்டுப் பலகாரத்தின் பெருமையை இனியும் பேசுவோம், தாராளமாகப் பேசுவோம். ஆனால் கையில் மாவு ஒட்டியவர்கள் மட்டும் பேசுவோம். மற்றவர்கள் முதலில் சுக்கை இடித்துவிட்டு வரட்டும்.