திரையில் நின்ற பாலம், சாலையில் விழுந்தது ஏன்?

2018 மார்ச் 15, மதியம். அமெரிக்காவின் மயாமி பகுதியில், புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகம் அருகே கட்டப்பட்டுவந்த நடைமேம்பாலம் ஒன்று எட்டு வழிச் சாலையின் மீது அப்படியே விழுந்தது. கீழே சிக்னலுக்காகக் கார்கள் நின்றிருந்தன. 6 பேர் இறந்தார்கள். 53 மீட்டர் நீளம், சுமார் 950 டன் எடை. சாலையோரம் வார்த்து, நகர்த்திவந்து தூண்மேல் வைத்து ஐந்தே நாள்தான் ஆகியிருந்தது.

நிலநடுக்கம் இல்லை, புயல் இல்லை. கம்ப்யூட்டரில் மாடல் போட்டு, இன்னொரு நிறுவனத்தின் சரிபார்ப்புச் சான்றும் வாங்கிய பாலம். அப்புறம் எப்படி?

மிடாஸ், ஸ்டாட் மாதிரியான மென்பொருளில் இப்படியொரு பாலத்தைப் பெரும்பாலும் கோடுகளும் புள்ளிகளுமாகத்தான் வரைவார்கள். ஒவ்வொரு உறுப்பும் ஒரு கோடு. கோடுகள் சேருமிடம் ஒரு புள்ளி, அதாவது 'நோட்'. எடையைக் கொடுத்தால் எந்தக் கோட்டில் எவ்வளவு விசை என்று சட்டென்று சொல்லிவிடும். ஆனால் சைட்டில் அது வெறும் புள்ளி இல்லை. கம்பிகள், குழாய்கள், ஏற்கெனவே இறுகிய தளத்தின் மேல் பிறகு கொட்டிய காங்கிரீட் என எல்லாம் நெருக்கியடிக்கும் இடம் அதுதான். பழசும் புதுசும் சேரும் அந்தப் பரப்பு வழுக்காமல் தாங்குமா? கோட்டு மாடல் தானாகச் சொல்லாது. பொறியாளர்தான் தனியே கணக்குப் போட வேண்டும்.

மயாமியில் போனது அந்த இடம்தான்: வடக்கு முனையில், சாய்வான 11-ம் எண் உறுப்பு தளத்தோடு சேரும் மூட்டு. அந்த மூட்டுக்கு வரும் விசையைக் குறைத்தும், அதன் தாங்குதிறனைக் கூட்டியும் கணக்கிட்டிருந்தார்கள் என்றது அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 2019 அறிக்கை.

சரி, சரிபார்த்தவர்களுக்கு ஏன் தெரியவில்லை? அவர்கள் பார்த்தது முழுசாகக் கட்டி முடித்த பாலத்தை. அதில் வடக்கு முனையோடு இன்னொரு கண் வந்து இணைந்திருக்கும். விழுந்த அன்று அந்தக் கண் கட்டப்படவே இல்லை. மூட்டுகளையும் அவர்கள் ஆராயவில்லை, கட்டுமானத்தின் இடைநிலைகளையும் ஆராயவில்லை. பணமும் நேரமும் போதவில்லை என்பது விசாரணையில் வந்த காரணம்.

என்னைக் கேட்டால், இதற்குச் சரிபார்ப்பு என்று பெயர் வைக்கவே கூடாது. வடிவமைத்தவரின் ஃபைலை வாங்கி மறுபடி ரன் பண்ணினால் அதே தப்புதான் திரும்ப வரும். சரிபார்ப்பவர் தன் மாடலைத் தானே போட வேண்டும். பாலம் எந்தெந்த நிலையில் நிற்கப்போகிறதோ அத்தனைக்கும் போட வேண்டும். சிக்கலான மூட்டுக்குக் கையால் ஒரு பக்கக் கணக்காவது வேண்டும். செலவு கூடும்தான். அந்தச் செலவை டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும், பிறகு பேரம் பேசக் கூடாது.

இதைவிடக் கோபம் வருவது விரிசல் விஷயத்தில். வழக்கமாக ஏற்கும் அளவைவிட 40 மடங்கு பெரிய விரிசல்கள் அந்த மூட்டில் தெரிந்தன. போட்டோவும் எடுத்தார்கள். விழுந்த அன்று காலைக் கூட்டத்தில், பாதுகாப்புக்குப் பிரச்சினை இல்லை என்று வடிவமைப்புத் தரப்பு சொன்னது. மாடல் ஒன்று சொல்லி, காங்கிரீட் வேறொன்று சொல்லும்போது எதை நம்புவது என்பதில் விவாதத்துக்கு இடமே இல்லை. முதலில் சாலையை மூடியிருக்க வேண்டும், கணக்கை அதற்கப்புறம் பார்த்திருக்கலாம். அதைச் செய்யும் அதிகாரம் அங்கே ஒருவருக்கல்ல, பலருக்கும் இருந்தது. மதியம் 11-ம் உறுப்பின் கம்பிகளை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தபோதும் கீழே போக்குவரத்துக்கு வழி திறந்தேதான் இருந்தது.