கடன் வேண்டாம், கொள்முதலில் பங்கு கொடுங்கள்!



ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, தோல் கையுறை தைத்து விற்கும் வாணியம்பாடி இளைஞர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹஜ்ரத்! அமெரிக்காவில் என் மச்சான் தன் கம்பெனிக்கு 'சிறுபான்மையினர் நிறுவனம்' என்று சான்றிதழ் வாங்கிவிட்டார். பெரிய கம்பெனிகளில் ஆர்டர் கேட்க உதவுகிறதாம். எனக்கு எந்த ஆபீஸில் கொடுப்பார்கள்?"

எந்த ஆபீஸிலும் கொடுக்க மாட்டார்கள்!

அமெரிக்காவில் 1972 முதல் இதற்கென்றே ஒரு கவுன்சில் இயங்குகிறது. 51 சதவீதப் பங்கும் நிர்வாகமும் சிறுபான்மையினர் கையில் இருக்க வேண்டும். ஆனால் அங்கே கணக்கு இனம்தான், மதமல்ல. மச்சானுக்குச் சான்றிதழ் கிடைத்தது இந்தியர் என்பதால். முஸ்லிம் என்பதால் அல்ல!

இங்கே மதத்தை வைத்துத்தான் நம்மைச் சிறுபான்மை என்றார்கள். 1992இல் சட்டம், 1993இல் அறிவிக்கை. கல்லூரி நடத்தினால் சிறுபான்மை அந்தஸ்துச் சான்று உண்டு. கடை நடத்தினால்? தாசில்தார் தரும் சாதிச் சான்றிதழ் உங்களுக்குத்தான், உங்கள் கடைக்கு அல்ல.

வியாபாரிக்கு என்ன தந்தார்கள்? கடன்! 1994இல் மத்திய அரசின் சிறுபான்மையினர் நிதிக் கழகம், 1999இல் தமிழகத்தில் டாம்கோ. வட்டி குறைவு என்கிறார்கள். குறைந்த வட்டியும் வட்டிதானே? வட்டிக்கு அஞ்சி ஒதுங்கும் வியாபாரிக்கு இதில் என்ன பயன்?

நாம் கேட்க வேண்டியது வேறு. 2012ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆணையைப் பாருங்கள். அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் சிறு, குறு தொழில்களிடம் பொருள் வாங்க வேண்டும். முதலில் 20 சதவீதம், 2018இல் அது 25 ஆனது. அதில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு 4, பெண்களுக்கு 3. அவர்களுக்குக் கிடைத்தது நியாயமே. சிறுபான்மையினருக்கு? ஒன்றுகூட இல்லை! எங்கள் பொருளை வாங்குங்கள் என்று கேட்பது பிச்சையல்ல சகோதரர்களே, உரிமை!

சரி, நாளையே கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். இந்தக் கடை என்னுடையது என்று நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கிறது? அந்த இளைஞரிடம் இதைத்தான் கேட்டேன். பட்டறை வாப்பா பெயரில் இருக்கிறது. அவர் மவுத்தாகி ஆறு வருடம். மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு பத்திரம்கூட இல்லை. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம். அதை அழகாக ஓதுகிறோம், ஆனால் எழுதுவதில்லை!

இன்னும் சிலர் பெண்களுக்கான சலுகைக்காக மனைவி பெயரில் கம்பெனி காட்டுகிறார்கள். அந்தப் பெண்மணிக்குக் கம்பெனி இருப்பதே தெரியாது! இது பொய்ச் சாட்சி. மனைவிக்கு உண்மையாகவே பங்கு கொடுத்து, கணக்கையும் அவர் கையில் கொடுத்தால் யார் தடுக்கப்போகிறார்கள்?

முதலில் வாரிசுகள் உட்கார்ந்து பாகம் பிரியுங்கள். சகோதரிகளின் பங்கை மறக்காதீர்கள்! பிறகு கூட்டு வியாபாரத்துக்குப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். 2020இல் வந்த உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். அந்த இளைஞரிடம், அடுத்த ஜும்ஆவுக்கு அண்ணன் தம்பி மூவரும் அக்கா தங்கைகளின் பெயர்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.