வெள்ளக் காப்பீடு: பயிருக்கு மானியம், வீட்டுக்கு வரி

புதுதில்லி: ஊருக்குள் புகும் வெள்ளம் வயலையும் வீட்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால், மத்திய அரசின் காப்பீட்டுக் கொள்கை இரண்டையும் வெவ்வேறாகவே நடத்துகிறது.

2016-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரிப் பருவ உணவு தானியங்களுக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 2 சதவீதம். ரபி பருவத்தில் 1.5 சதவீதம். எஞ்சிய பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. அதே விவசாயியின் வீட்டுக்கு இத்தகைய மானியம் கிடையாது. வீட்டுக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டபோது, வீட்டுக் காப்பீடு அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

நாட்டில் சுமார் 4 கோடி ஹெக்டேர் நிலம் வெள்ள அபாயத்துக்கு உள்பட்டது என தேசிய வெள்ள ஆணையம் 1980-லேயே மதிப்பிட்டது. அங்கு வீடு இழப்பவர்களில் பெரும்பாலோர் நம்பியிருப்பது அரசின் நிவாரணத்தையே. 2022-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிமுறைகளின்படி, முற்றிலும் இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் ரூ.1.20 லட்சம், மலைப் பகுதியில் ரூ.1.30 லட்சம். இது உதவித்தொகையே தவிர, இழப்பீடு அல்ல. இத்தொகையில் பழைய வீட்டை மீண்டும் எழுப்ப முடியாது.

எனினும், காப்பீடு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி, 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொது பாலிசியை 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கி வருகின்றன. வெள்ளச் சேதம் அதில் அடங்கும், ஆற்றரிப்பு அடங்காது. பிரம்மபுத்திரா கரையில் நிலத்தோடு வீட்டையும் இழக்கும் அசாம் குடும்பத்துக்கு இந்த பாலிசி இருந்தும் பயனில்லை.

பாலிசி எடுப்பது உரிமையாளரின் விருப்பம் என்பதே அடிப்படைச் சிக்கல். மேட்டுப் பகுதியில் வசிப்பவர் தமக்கு அது தேவையில்லை எனக் கருதுவார். தாழ்வான பகுதியினர் மட்டுமே சேர்ந்தால் பிரீமியம் உயரும். உயர்ந்தால், மிகவும் தேவைப்படும் ஏழையால் அதைக் கட்ட இயலாது. இந்தச் சுழலை உடைக்கச் சட்டம் தேவைப்படுகிறது.

அமெரிக்கா இப்பாதையில் முன்பே சென்றுள்ளது. அங்கு 1968-ல் அரசே வெள்ளக் காப்பீட்டைத் தொடங்கியது. அபாயப் பகுதியில் வங்கிக் கடன் பெற்ற வீடுகளுக்கு அது 1973-ல் கட்டாயமாக்கப்பட்டது. 2005-ல் வீசிய கத்ரீனா புயலுக்குப் பின் திட்டம் கடனில் மூழ்கியது. சலுகைகளைக் குறைத்து, அபாயத்துக்கு ஏற்ற பிரீமியம் வசூலிக்க 2012-ல் சட்டம் வந்தது. பிரீமியம் பன்மடங்கு உயர்ந்ததால் வீட்டு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர். 2014-ல் மற்றொரு சட்டம், சொந்தக் குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு உயர்வு 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என வரம்பிட்டது. சுமை தணிந்தது, பற்றாக்குறை தீரவில்லை. 2017-ல் 1,600 கோடி டாலர் கடனை அந்நாட்டு நாடாளுமன்றம் தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

பிரீமியத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம், அபாயத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். இடைவெளியை யார் ஏற்பது என்பதைச் சட்டமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் அந்தக் கேள்வி இன்னும் முறையாக எழுப்பப்படவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய காப்பீட்டுத் திருத்தச் சட்டம், அன்னிய முதலீட்டு வரம்பை 74 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்த்தியது. புதிய நிறுவனங்கள் வரக்கூடும். ஆனால், லாபம் தராத வெள்ளப் பகுதிகளை அவை தாமாகவே தேடிச் செல்லும் என எதிர்பார்க்க இயலாது.

வீட்டுக்கடன் பெறும் அனைவருக்கும் வெள்ளக் காப்பீட்டைக் கட்டாயமாக்குவது, சிறு வீடுகளுக்கு வரியை நீக்குவது, பயிர்க் காப்பீட்டைப் போல ஏழைகளின் பிரீமியத்தை அரசுகள் வெளிப்படையாகப் பகிர்ந்துகொள்வது ஆகியவை அரசின் முன் உள்ள வழிகள். இவற்றால் கருவூலத்துக்குச் செலவு உண்டு. ஆனால், ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நிவாரணமாக அரசு இப்போதும் செலவிட்டே வருகிறது.

ஒரு வரம்பையும் மறந்துவிடக் கூடாது. பட்டா இல்லாமல் கரையோரம் குடிசை போட்டு வாழ்வோரைக் கடன் வழியாக வரும் காப்பீடு எட்டாது. எந்தச் சட்டம் வந்தாலும், அவர்களுக்கான நிவாரணத்தை அரசு கைவிட அது காரணமாகிவிடக் கூடாது.