ஒருவர் ‘ஆபரேஷன்’, இன்னொருவர் ‘மாத்திரை போதும்’: புராஸ்டேட் விஷயத்தில் எந்த டாக்டரை நம்புவது?

அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுகிறது. ‘புராஸ்டேட் 48 கிராம், கிரேடு 2 வீக்கம்’. ஊரில் பார்த்த யூராலஜிஸ்ட், “லேசர்ல எடுத்துடலாம்” என்கிறார். சென்னையில் பார்த்தவர், “ஆறு மாசம் மாத்திரை போட்டுப் பார்ப்போம்” என்கிறார். ஆன்லைனில் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்த மூன்றாமவரோ, “வயசானா வர்றதுதான், விடுங்க” என்று முடித்துவிடுகிறார். பெங்களூருவில் இருக்கும் மகனுக்கு முதலில் தோன்றுவது, இதில் யாரோ காசு பார்க்கிறார் என்பதுதான்.

அப்படியும் இருக்கலாம். ஆனால், பல நேரங்களில் மூவரும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருப்பார்கள். ஒருவர் கவனித்தது, கழித்த பிறகும் பையில் தங்கும் சிறுநீரை. இன்னொருவர் கேட்டது, ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்பதை. மூன்றாமவர் கையில் இருந்தது அந்த 48 என்ற எண் மட்டும்.

அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. 30 கிராம் சுரப்பி சிறுநீர்ப் பாதையை நெரிக்கலாம். 80 கிராம் உள்ளவர் நிம்மதியாகத் தூங்கலாம். அதனால்தான் ‘ஐபிஎஸ்எஸ்’ என்றொரு கேள்வித்தாள் இருக்கிறது. ஏழு கேள்விகள், மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 தொட்டால் கடுமை. எட்டாவதாக ஒரு கேள்வி தனியாக வரும்: மிச்ச வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் எப்படி உணர்வீர்கள்?

இதற்கு மகன் பதில் சொல்ல முடியாது. ஆனால் நடப்பதென்ன? மகன் பேசுகிறார், அப்பா தலையாட்டுகிறார். மருமகள் பக்கத்தில் நின்றால், “ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்” என்பதோடு சரி. ஒரு டாக்டரிடம் ‘ரெண்டு தடவை’, இன்னொருவரிடம் ‘அஞ்சு தடவை’ என்றால் இரண்டு கருத்துகள் வராமல் என்ன செய்யும்? இரண்டு நாள், எப்போது, எவ்வளவு சிறுநீர் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அப்பாவைத் தனியாக உள்ளே அனுப்புவது நல்லது.

சில இடங்களில் டாக்டர் மாற்றி டாக்டர் பார்ப்பதே ஆபத்து. சிறுநீர் அடியோடு நின்றுபோனால் அன்றைக்கே மருத்துவமனை. அடைப்பால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ, பையில் கல் சேர்ந்தாலோ, தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ ‘ஆபரேஷன்’ என்றவர் பக்கம்தான் நியாயம் அதிகம்.

புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் குழப்பம் இன்னும் பெரியது. இங்கே அறிவியலே சண்டை போட்டிருக்கிறது. 2009-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளியாயின. பரிசோதனையால் மரணம் குறைகிறது என்றது ஐரோப்பிய ஆய்வு. வித்தியாசமே இல்லை என்றது அமெரிக்க ஆய்வு. பின்னர் பார்த்தால், அமெரிக்க ஆய்வில் ‘பரிசோதனை செய்யாத’ குழுவிலேயே பெரும்பாலானோர் வெளியே போய் டெஸ்ட் எடுத்திருந்தார்கள்! அமெரிக்க நிபுணர் குழு 2012-இல் ‘வேண்டாம்’ என்றது. 2018-இல் ‘55 முதல் 69 வயதுக்காரர்கள் டாக்டரிடம் பேசி முடிவெடுக்கட்டும்’ என்று மாறியது.

பிஎஸ்ஏ கூடினாலே புற்றுநோய் இல்லை. சாதாரண வீக்கமும் சிறுநீர்த் தொற்றும்கூட அதை ஏற்றிவிடும். ஃபினாஸ்டரைடு மாத்திரையோ அதைச் சுமார் பாதியாகக் குறைத்துக் காட்டும். முடி கொட்டுவதற்காக இளைஞர்கள் போடும் அதே மருந்துதான்! டாக்டரிடம் சொல்லாவிட்டால், 4 வரவேண்டிய இடத்தில் 2 வந்து எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள்.

புற்றுநோய் என்றே வந்தாலும் அவசரம் எப்போதும் தேவையில்லை. சுரப்பியைத் தாண்டிப் பரவாத புற்றுநோய் கொண்ட 1,643 பேரைச் சுமார் 15 ஆண்டுகள் தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் சுமார் 97 சதவீதம் பேர் அந்தப் புற்றுநோயால் இறக்கவில்லை.

எனவே, நான்காவது டாக்டரைத் தேடுவதற்கு முன் முதல் இருவரிடமே கேட்கலாம்: “எதை வச்சு இப்படிச் சொல்றீங்க? ஆறு மாசம் தள்ளிப்போட்டா என்ன ஆகும்?” பக்க விளைவுகளையும் கேட்க வேண்டும். லேசர் அறுவைக்குப் பிறகு பலருக்கு விந்து வெளியே வராமல் பைக்குள் திரும்பிப் போகும். இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டரிடம் கொஞ்சம் உஷாராக இருக்கலாம். டாம்சுலோசின் மாத்திரையில் சட்டென எழுந்தால் தலை சுற்றும். கண்புரை அறுவைக்குப் போகிற அப்பாக்கள், இந்த மாத்திரை சாப்பிடுவதை, நிறுத்தியிருந்தாலும்கூட, கண் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அறுவையின்போது கருவிழிப் படலம் தளர்ந்து சிக்கல் தரும்.